திரையில் தொங்கும் காலண்டரில் யார் பெயர்?

நான் செய்து விற்பது சின்னச் சின்ன டெஸ்க்டாப் விட்ஜெட்டுகள். தமிழ்த் தேதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் காட்டும் தினசரி காலண்டர்தான் அதில் அதிகம் போகிற சரக்கு. உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பகல் பொழுதை எட்டாகப் பிரித்து, திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு, வெள்ளிக்கு நான்காம் பங்கு என்று எடுத்துக்கொண்டு போனால் ராகு காலம் வந்துவிடும். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பகல் என்று கொண்டால் திங்கட்கிழமைக்கு ஏழரை முதல் ஒன்பது. அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிட்டால் கொஞ்சம் முன்பின் ஆகும். அவ்வளவுதான். எழுதிய புரோகிராமை, முகம் தெரியாத ஒருவருடைய கம்ப்யூட்டரில் பயமுறுத்தல் இல்லாமல் திறக்க வைப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

விட்ஜெட் சின்னது என்பதற்காக விண்டோஸோ மேக்கோ சலுகை காட்டுவதில்லை. சொல்லப்போனால் இந்த இனத்தின் மேல் பழைய சந்தேகம் ஒன்று உண்டு. 2007-ல் விஸ்டாவோடு வந்த சைடுபார் கேட்ஜெட்டுகளை ஞாபகம் இருக்கலாம். கடிகாரம், வானிலை, கிரிக்கெட் ஸ்கோர். பெரும்பாலும் ஒரு ஜிப் கோப்பின் பெயரை மாற்றி வைத்ததுதான் கேட்ஜெட். உள்ளே எச்டிஎம்எல், கொஞ்சம் ஸ்கிரிப்ட். ஆனால் அந்த ஸ்கிரிப்டுக்கு, கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ள உரிமை எல்லாம் உண்டு. 2012 ஜூலையில் மைக்ரோசாஃப்டே பாதுகாப்பு அறிவிப்பு விட்டு, சைடுபாரையும் கேட்ஜெட்டையும் மொத்தமாக அணைத்துவிடச் சொன்னது. லினக்ஸ் பக்கம் 2024 மார்ச்சில், கேடிஇ கடையிலிருந்து இறக்கிய ஒரு தீம், நிறுவியவரின் கோப்புகளையே துடைத்துவிட்டது. தீம் என்றால் வண்ணமும் படமும்தானே என்று நினைத்திருப்பார் பாவம். திரைக்கு அலங்காரமாக வருகிற எதுவும் உள்ளே ஒரு புரோகிராம்தான்.

அதனால்தான் கையொப்பம். டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் புரோகிராம் நல்லது என்று அர்த்தம் இல்லை. 2010-ல் பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட், ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு பிரபல நிறுவனங்களிடமிருந்து திருடிய சாவிகளால் ஒப்பமிடப்பட்டிருந்தது. கையொப்பம் சொல்வது இரண்டே விஷயம். இதைக் கட்டி அனுப்பியவர் இன்னார். அவர் கட்டிய பிறகு யாரும் இதைப் பிரிக்கவில்லை. இந்த இரண்டையும் காப்பாற்றுகிற மாதிரி பேக்கேஜை முதலிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும். கோட் எல்லாம் எழுதி முடித்த பிறகு கடைசியில் ஒட்டுகிற ஸ்டாம்பு மாதிரி சைன் செய்ய முடியாது.

முதல் தலைவலி பெயர். தனி ஆளாகச் சான்றிதழ் வாங்கினால், அடையாள அட்டையில் உள்ளபடிதான் பெயர் ஏறும். இனிஷியலோடு வாழ்கிற நமக்கு இங்கே ஒரு சிக்கல். பான் கார்டில் அப்பா பெயர் பின்னால் விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் அது குடும்பப் பெயர் கட்டத்தில் போயிருக்கும், அல்லது எல்லாமே ஒரே கட்டத்தில் அடைந்திருக்கும். பேங்கில் இனிஷியல் முன்னால். சான்றிதழ் தருகிறவர்கள் வெளிநாட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எந்த ஆவணத்தில் உள்ள பெயர் உலகம் முழுக்கத் தெரிய வேண்டுமோ, அதை முதலில் முடிவு செய்து, மற்ற ஆவணங்களை அதற்குத் தகுந்தபடி திருத்திக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பதே நல்லது. ஏனென்றால் இன்ஸ்டாலரை ஓட்டும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும் பெட்டியில், வெளியிட்டவர் என்ற இடத்தில் அந்தப் பெயர்தான் வரும். மேக்கில் வென்ச்சுரா பதிப்பிலிருந்து, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே தானாகக் கிளம்புகிற புரோகிராம் ஒன்று சேர்ந்தால், சேர்த்தவர் பெயரைச் சொல்லி ஓரத்தில் ஓர் அறிவிப்பு வரும். காலண்டரை நிறுவியவருக்கு, சம்பந்தமே இல்லாமல் என் தகப்பனார் பெயர் திரையில் வந்தால் என்ன நினைப்பார்?

நிறுவனப் பெயரில் வாங்கலாமே என்றால், அங்கே வேறு விதமான அலைச்சல். அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். பொதுவெளியில் கிடைக்கிற ஒரு தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்வார்கள். ஆப்பிளில் இன்னும் கறார். தனி உரிமையாளர் நடத்தும் தொழில் என்றால் கடைக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் தனிநபராகத்தான் சேர்த்துக்கொள்வார்கள். நிறுவனமாகச் சேர, நிறுவனங்களை அடையாளம் காட்டும் டியூஎன்எஸ் எண் வேண்டும், சட்டப்படி தனி அமைப்பாக இருக்க வேண்டும். வருடத்துக்கு 99 டாலர் கட்டினாலும் ஜிஎஸ்டி சான்றில் உள்ள கடைப் பெயர் அங்கே ஏறாது.

ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதும் லேசில்லை. விண்டோஸின் எம்எஸ்ஐஎக்ஸ் பேக்கேஜில், உள்ளே எழுதிய வெளியீட்டாளர் வரியும் சான்றிதழில் உள்ள வரியும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். அந்த வரியிலிருந்துதான் பேக்கேஜின் அடையாளமே கணக்கிடப்படுகிறது. புதிய சான்றிதழில் ஊர்ப் பெயரின் ஸ்பெல்லிங் மாறினால்கூட விண்டோஸுக்கு அது வேறு ஆப். பழையதன் மேல் அப்டேட்டாகப் போய் உட்காராது.

காசு இல்லை, ஆனால் நிரல் திறந்த மூலம் என்றால் ஒரு வழி உண்டு. சைன்பாத் பவுண்டேஷன் என்ற அமைப்பு திறந்த மூலத் திட்டங்களுக்கு இலவசமாக ஒப்பமிட்டுத் தருகிறது. வெளியீட்டாளராக அவர்கள் பெயர் வரும், உங்கள் பெயர் வராது. போலந்து நாட்டு செர்டம், திறந்த மூலக்காரர்களுக்கென்றே குறைந்த விலையில் சான்றிதழ் தருகிறது. அதில் பெயருக்கு முன்னால் திறந்த மூல டெவலப்பர் என்ற அடைமொழி ஒட்டிக்கொள்ளும். இலவச விட்ஜெட்டுக்கு அது போதும், கௌரவமும்கூட. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகப் போவது இன்னொரு வழி. 2025-ல் தனிநபர்களுக்கான பதிவுக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். எம்எஸ்ஐஎக்ஸாகக் கொடுத்தால் ஸ்டோரே ஒப்பமிட்டுக்கொள்ளும். இஎக்ஸ்இ இன்ஸ்டாலராகக் கொடுத்தால் அங்கேயும் ஒப்பம் உங்கள் பொறுப்புதான்.

எனக்கு ஸ்டோர் மட்டும் போதாது. காரணம், இந்தக் காலண்டரை வாங்குகிறவர்கள் கடைக்காரர்கள். சிவகாசியில் அச்சடித்த தினசரி காலண்டரை வாங்கி, கீழே கடைப் பெயரும் போன் நம்பரும் போட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற வழக்கம் தெரியும்தானே. அதையே கம்ப்யூட்டரிலும் கேட்கிறார்கள். நகைக்கடைக்கு ஒன்று, சிமென்ட் ஏஜென்சிக்கு ஒன்று, பாத்திரக்கடைக்கு ஒன்று. உள்ளே காலண்டர் அதேதான், அடியில் உள்ள பட்டை மட்டும் வேறு.

இந்தத் தொழிலுக்கு என்னை இழுத்துவிட்ட அச்சக உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

“தம்பி, பிளேட் மாத்துற மாதிரி கடைப் பேரை மட்டும் மாத்திக் குடுத்துரு. நம்ம பயலுவளே மாத்திக்கிடுற மாதிரி இருந்தா இன்னும் நல்லது.”

“அண்ணாச்சி, சைன் பண்ணுன பிறகு ஒரு எழுத்து மாத்துனாலும் ஒப்பம் செல்லாமப் போயிரும்.”

“அப்ப ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியா சைன் பண்ணிக் குடு. என்ன இப்போ?”

செய்யலாம். ஆனால் செய்யக் கூடாது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பை விண்டோஸ் திறக்கும்போது ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற காவல்காரர் குறுக்கே வருவார். நீலத் திரை விரியும். “விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது” என்கிற அர்த்தத்தில் ஓர் ஆங்கில வரி. கண்ணுக்குத் தெரிகிற ஒரே பொத்தான் ஓட்ட வேண்டாம் என்பது. ‘மோர் இன்ஃபோ’ என்ற சின்ன எழுத்தை அமுக்கினால்தான் ‘ரன் எனிவே’ தலைகாட்டும். இந்தக் காவல்காரர் இரண்டு விஷயம் பார்க்கிறார்: இதே கோப்பை எத்தனை பேர் இதுவரை சிக்கல் இல்லாமல் திறந்திருக்கிறார்கள், இந்தச் சான்றிதழ்க்காரருக்கு எவ்வளவு நல்ல பெயர். கடைக்கு ஒரு கோப்பு என்று கட்டினால் ஒவ்வொன்றும் புதுமுகம். ஐம்பது பேருக்கு மட்டும் போகிற கோப்பு என்றைக்கும் அறிமுகம் ஆகாது. எல்லாக் கடைக்கும் ஒரே கோப்பு என்றால் அத்தனை பேர் திறந்ததும் ஒரே கணக்கில் சேரும். கூடுதல் விலைக்கு விற்கும் இவி சான்றிதழ் வாங்கினால் இந்த நீலத் திரை முதல் நாளே வராது என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2024-ல் மைக்ரோசாஃப்ட் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. சின்ன விட்ஜெட்டுக்காக இவி வாங்குவது இப்போது வீண் செலவு என்பது என் கணிப்பு.

அப்படியானால் கடைப் பெயரை எங்கே வைப்பது? குறுக்கு வழி ஒன்று பழைய ஆட்களுக்குத் தெரியும். இஎக்ஸ்இ கோப்பில் கையொப்பம் உட்காரும் பகுதி மட்டும் கையொப்பக் கணக்கில் சேராது. அந்த இடுக்கில் நாலு எழுத்தைச் செருகினால் ஒப்பம் உடையாது. பெரிய நிறுவனங்களே இதைச் செய்திருக்கின்றன. ஆனால் அதே இடுக்கில் தீயவர்களும் சரக்கு ஒளித்ததால், 2013 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் கடுமையான சோதனை ஒன்றைக் கொண்டுவந்தது. பிறகு 2014-ல், விரும்புகிறவர்கள் இயக்கிக்கொள்ளலாம் என்று அதைத் தளர்த்தினார்கள். இயக்கி வைத்திருக்கும் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் நம் கோப்பு ஒப்பமில்லாதது ஆகிவிடும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நான் செய்வது இன்ஸ்டாலரின் கோப்புப் பெயரிலேயே கடைக் குறியீட்டை வைப்பது. கோப்பின் பெயரை மாற்றினால் ஒப்பம் உடையாது, ஏனென்றால் பெயர் கோப்புக்குள் இல்லை. அச்சகத்துப் பையன்களே காப்பி எடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ளலாம், அண்ணாச்சிக்கும் திருப்தி. ஓடும்போது இன்ஸ்டாலர் தன் பெயரைத் தானே படித்துக் குறியீட்டை எடுத்துக்கொள்ளும். ஒரு சின்ன எச்சரிக்கை: இரண்டாம் முறை இறக்கினால் பிரவுசர் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்க்கும், மூன்றாம் முறை 2. வாட்ஸாப்பில் சுற்றி வந்தால் பெயர் வேறு விதமாகவே மாறியிருக்கலாம். குறியீட்டுக்கு முன்னும் பின்னும் தெளிவான அடையாளம் வைத்து, நடுவில் உள்ளதை மட்டும் எடுக்கும்படி எழுதிக்கொள்ளுங்கள். குறியீடு கிடைக்கவில்லை என்றால் முதல் முறை திறக்கும்போது கேட்டுக்கொள்ளட்டும்.

குறியீடு தெரிந்ததும் விட்ஜெட் போய்க் கடைப் பட்டையை இறக்கிக்கொள்ளும். இதுதான் பலரும் கவனிக்காத இடம். இஎக்ஸ்இ மேல் உள்ள ஒப்பம், பிறகு இறங்கிவரும் எதற்கும் பொறுப்பில்லை. அதனால் பட்டை என்பது ஒரு படமும் இரண்டு வரி எழுத்தும் மட்டுமே, ஸ்கிரிப்ட் எதுவும் கிடையாது என்று வைத்திருக்கிறேன். அந்தச் சின்னக் கோப்பையும் வேறொரு சாவியால் ஒப்பமிட்டு, விட்ஜெட்டுக்குள் இருக்கும் பொதுச் சாவியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காட்டுகிறேன். போட்டிக் கடைக்காரர் பட்டையை மாற்றிவிட முடியாது.

இதே காரணத்தால், எச்டிஎம்எல்லில் விட்ஜெட் செய்கிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் இஎக்ஸ்இ கோப்புக்கு ஒப்பமிட்டால், பக்கத்தில் கிடக்கிற எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் அந்த ஒப்பத்துக்கு வெளியே நிற்கின்றன. எலக்ட்ரானில் நிரல் எல்லாம் ஆசார் என்ற தனிப் பொதியில் இருக்கும். அதை மாற்றி வைத்தாலும் இஎக்ஸ்இயின் ஒப்பம் சரியாகவே இருக்கும். டாரியில் பக்கங்கள் இஎக்ஸ்இக்குள்ளேயே புதைந்துவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. எம்எஸ்ஐஎக்ஸ் பேக்கேஜும் மேக்கின் ஆப் தொகுப்பும் உள்ளே உள்ள எல்லாக் கோப்புக்கும் சேர்த்தே முத்திரை வைக்கின்றன. சும்மா மணி காட்டும் விட்ஜெட்டுக்கு டாரி போதும் என்பேன். கோப்பு அளவும் சிறியது.

பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு வேறு கதை. பைஇன்ஸ்டாலரில் எல்லாவற்றையும் ஒரே இஎக்ஸ்இயாகக் கட்டினால் பார்க்க அழகு. ஆனால் அது ஓடும்போது தற்காலிக இடத்தில் தன்னைப் பிரித்துப் போட்டு ஓடும். வைரஸ்களும் அதைத்தான் செய்யும் என்பதால் ஆன்டிவைரஸ்கள் இதையும் கடிக்கும். அதன் மேல் யூபிஎக்ஸ் போட்டு அமுக்கினால் கேட்கவே வேண்டாம். தனிக் கோப்புறையாகக் கட்டி, அதை இன்ஸ்டாலரில் அடைப்பது நிம்மதி. ஒப்பமிட்ட பிறகும் ஆன்டிவைரஸ் பிடித்தால், தவறாகப் பிடித்ததாக மைக்ரோசாஃப்டிடம் கோப்பை அனுப்பிச் சொல்ல வழி இருக்கிறது.

தற்காலிக இடம் என்றதும் நம்மவர்களுக்கு வருகிற ஒரு கோளாறு ஞாபகம் வருகிறது. விண்டோஸில் சிலர் தங்கள் பெயரைத் தமிழில் வைத்துக் கணக்குத் தொடங்கியிருப்பார்கள். அப்போது கோப்புப் பாதையிலேயே தமிழ் வந்துவிடும். விண்டோஸில் தமிழுக்குப் பழைய பாணி ஆன்சி எழுத்துப் பக்கம் கிடையாது, யூனிகோடு மட்டும்தான். பழைய முறையில் பாதையைப் படிக்கும் நூலகம் ஏதாவது உள்ளே இருந்தால் பெயர் முழுக்கக் கேள்விக்குறியாகி, விட்ஜெட் ஓசைப்படாமல் செத்துவிடும். தமிழ்ப் பெயரில் ஒரு பயனர் கணக்கு வைத்து அதில் ஒருமுறை நிறுவிப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பாதீர்கள். எழுத்துருவும் அப்படித்தான். லதா எல்லா கம்ப்யூட்டரிலும் இருக்கும் என்ற காலம் போய்விட்டது, விண்டோஸ் 10-ல் அது தனியாக இறக்கிக்கொள்ள வேண்டிய சமாச்சாரம். நிர்மலா யூஐ விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. திரையில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தெரிய வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழைப் பேக்கேஜில் சேர்த்து, அதன் உரிமக் கோப்பையும் கூடவே வையுங்கள்.

விட்ஜெட்டுக்கு அட்மின் உரிமை எதற்கு? எதற்கும் இல்லை. பயனரின் சொந்த ஆப்டேட்டா கோப்புறையில் நிறுவினால் அனுமதிப் பெட்டியே வராது. அலுவலகக் கம்ப்யூட்டரில் அட்மின் பாஸ்வேர்டு இல்லாதவரும் நிறுவிக்கொள்ளலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். 32 பிட் இஎக்ஸ்இயில் உரிமை அறிவிப்பு இல்லாமல், பெயரில் ‘செட்டப்’ என்றோ ‘அப்டேட்’ என்றோ ஆங்கிலத்தில் இருந்தால், இது இன்ஸ்டாலராகத்தான் இருக்கும் என்று விண்டோஸ் தானாகவே அட்மின் உரிமை கேட்கும். மேனிஃபெஸ்டில் சாதாரண உரிமையே போதும் என்று எழுதிவிட்டால் நின்றுவிடும். அமைப்புகளை நிரல் இருக்கும் இடத்தில் எழுதி வைக்கும் பழக்கமும் ஆகாது. விண்டோஸில் புரோகிராம் ஃபைல்ஸ் என்றால் எழுத விடாது. மேக்கில் ஆப் தொகுப்புக்குள் ஒரு கோப்பு எழுதினாலும் முத்திரை உடைந்துவிடும்.

இனி ஒப்பமிடுகிற வேலை. 2023 ஜூன் 1 முதல், ரகசியச் சாவியைச் சாதாரணக் கோப்பாக வைத்துக்கொள்ள முடியாது. யூஎஸ்பி டோக்கனிலோ, சான்று பெற்ற வன்பொருளிலோ, அப்படி ஒன்றை வைத்திருக்கும் மேகச் சேவையிலோதான் அது இருக்க வேண்டும். டோக்கன் கூரியரில் வரும். தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் பூட்டிக்கொள்ளும், அதனால் ஒப்பமிடும் ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டை எழுதித் தானாக மறுமுயற்சி செய்ய விடுவது ஆபத்து. அலுவலக கம்ப்யூட்டரில் டோக்கனைச் செருகிவிட்டு வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் போனால் டோக்கன் கண்ணுக்குத் தெரியாது. கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ரிமோட் இணைப்பில் விண்டோஸ் உங்கள் பக்கத்து ஸ்மார்ட் கார்டைத்தான் பார்க்கும், அந்தப் பக்கத்தில் செருகியிருப்பதைப் பார்க்காது.

வரிசை முக்கியம். முதலில் உள்ளே உள்ள டிஎல்எல்கள், பிறகு விட்ஜெட் இஎக்ஸ்இ, பிறகு அன்இன்ஸ்டாலர், கடைசியில் இன்ஸ்டாலர். நடுவில் உள்ள அன்இன்ஸ்டாலரைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். இன்ஸ்டாலரைத் தயாரிக்கும்போதுதான் அது பிறக்கிறது என்பதால் வெளியிலிருந்து கைவைக்க முடியாது. இன்னோ செட்டப்பில் சைன்டூல் வரியைக் கொடுத்தால் அதுவே அன்இன்ஸ்டாலருக்கும் சேர்த்து ஒப்பமிடும். என்எஸ்ஐஎஸ்ஸில் அதற்கெனத் தனிக் கட்டளை இருக்கிறது. எம்எஸ்ஐ கட்டுகிறவர்கள் ஒப்பமிடும்போது விளக்கப் பெயரைச் சேர்க்காவிட்டால், அனுமதிப் பெட்டியில் காலண்டர் பெயருக்குப் பதில் எண்ணும் எழுத்தும் கலந்த ஏதோ ஒரு கோப்புப் பெயர் வரும். விண்டோஸ் எம்எஸ்ஐயைத் தன் கோப்புறைக்குப் பெயர் மாற்றி எடுத்துக்கொண்டு போவதால் வருகிற வினை அது. பார்க்கிறவருக்கு நிச்சயம் வைரஸ் மாதிரிதான் இருக்கும்.

நேர முத்திரையை விடவே கூடாது. ஒப்பமிட்ட நேரத்தை வெளியிலிருந்து ஒரு சர்வர் சாட்சி சொல்லி முத்திரை வைத்தால், சான்றிதழ் காலாவதியான பிறகும் அந்த ஒப்பம் செல்லும். இல்லாவிட்டால் சான்றிதழ் முடிகிற அன்றோடு, ஏற்கெனவே கொடுத்த கோப்பெல்லாம் ஒப்பமில்லாதது ஆகிவிடும். முன்பு மூன்று வருடத்துக்கு மேல் செல்லும் சான்றிதழ் கிடைத்தது. 2026 மார்ச் 1 முதல் வழங்கப்படுவதற்கு உச்ச வரம்பு 460 நாள்தான். நேர முத்திரை சர்வர்கள் அவ்வப்போது பதில் சொல்லாமல் போகும், மாற்றாக இன்னொரு சர்வரையும் ஸ்கிரிப்டில் எழுதி வையுங்கள். சரிபார்க்கும்போது சைன்டூலில் ‘பிஏ’ என்ற ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது டிரைவர்களுக்கான விதியை வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல ஒப்பத்தையும் தப்பு என்று சொல்லும்.

சோதனை எப்படிச் செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பென் டிரைவில் காப்பி எடுத்துப் பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாம் அழகாகத் திறக்கும். அது சோதனையே இல்லை. பிரவுசர் ஒரு கோப்பை இறக்கும்போது, கூடவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டை ஒட்டுகிறது. சோன் ஐடென்டிஃபையர் என்று பெயர், உள்ளே மண்டலம் 3 என்று எழுதியிருக்கும், அதாவது இணையத்திலிருந்து வந்தது. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் ஸ்மார்ட்ஸ்கிரீன் எழுந்து நிற்கிறது. இது என்டிஎஃப்எஸ் வடிவில் உள்ள வட்டில் தங்கும். எஃப்ஏடி, எக்ஸ்ஃபேட் பென் டிரைவில் ஏற்றியதுமே சீட்டு உதிர்ந்துவிடும். ஜிப்பிலிருந்து பிரிக்கும்போதும் எந்த மென்பொருளால் பிரித்தோம் என்பதைப் பொறுத்து ஒட்டும், ஒட்டாமலும் போகும். ஆகவே விட்ஜெட்டை வாடிக்கையாளர் எந்த வழியாக வாங்குவாரோ அதே வழியாக, அதே பிரவுசரில், இதற்கு முன் அந்த விட்ஜெட்டைப் பார்த்தறியாத கம்ப்யூட்டரில் இறக்கிப் பாருங்கள். மேக்கிலும் இதே கதை, அங்கே குவாரன்டைன் என்று பெயர். சஃபாரி ஒட்டும், டெர்மினலில் கர்ல் கொண்டு இறக்கினால் ஒட்டாது.

மேக் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே பாதை ஒன்றுதான், நடந்துவிட்டால் போதும். டெவலப்பர் ஐடி சான்றிதழால் உள்ளிருந்து வெளியாக ஒப்பமிட வேண்டும். ‘டீப்’ ஆப்ஷன் போட்டு ஒரே அடியில் முடிக்கலாம் என்று பல இடத்தில் எழுதியிருப்பார்கள், ஆப்பிளே அதைப் பரிந்துரைப்பதில்லை. ஹார்டன்ட் ரன்டைமை இயக்கி, நோட்டரிடூல் வழியாக ஆப்பிளுக்கு அனுப்பி, சரி என்று வந்த சீட்டை ஸ்டேப்லர் கொண்டு ஆப்பிலேயே ஒட்ட வேண்டும். ஜிப் கோப்பில் அந்தச் சீட்டு ஒட்டாது. ஆப்பில் ஒட்டிவிட்டுத் திரும்ப ஜிப் செய்யுங்கள், அல்லது டிஎம்ஜியாகக் கொடுங்கள். ஜிப் செய்ய டிட்டோ என்ற கட்டளையைப் பயன்படுத்தினால் உள்ளே உள்ள இணைப்புகள் கெடாது. இதையெல்லாம் செய்யாமல், வலது கிளிக் செய்து திறந்துகொள்ளுங்கள் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லித் தப்பித்த காலம் 2024-ல் சிக்வோயாவோடு முடிந்தது. இப்போது செட்டிங்ஸுக்குள் போய்ப் பாதுகாப்புப் பக்கத்தில் அனுமதிக்க வேண்டும். நகைக்கடை வாடிக்கையாளர் ஒருவரும் அவ்வளவு தூரம் போக மாட்டார். சோனோமா முதல் மேக் டெஸ்க்டாப்பிலேயே ஒட்டுகிற அசல் விட்ஜெட் வேண்டுமென்றால், அது தனியாகப் போகாது, ஓர் ஆப்புக்குள் நீட்சியாகத்தான் போகும். நீட்சியின் அடையாளம், தாய் ஆப்பின் அடையாளத்தில் தொடங்க வேண்டும். ஒப்பமிடும்போது நீட்சி முதலில்.

அப்டேட்டுக்கு நான் வைத்திருக்கும் சாவி இவை எல்லாவற்றிலிருந்தும் தனி. மேக்கில் ஸ்பார்க்கிள், விண்டோஸில் டாரி அப்டேட்டர் இரண்டுமே, புதுப் பதிப்பு என்னிடமிருந்துதான் வருகிறதா என்று தங்கள் சொந்தச் சாவியால் பார்க்கின்றன. சான்றிதழ் தொலைந்தால் பணம் கட்டி இன்னொன்று வாங்கலாம். டாரியின் இந்தச் சாவி தொலைந்தால், ஏற்கெனவே விண்டோஸ் திரையில் உட்கார்ந்திருக்கும் காலண்டர்கள் என் பேச்சை அதற்குப் பிறகு கேட்காது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கையால் மாற்றச் சொல்ல வேண்டும். அதனால் அது காகிதத்தில் அச்சாகி, பேங்க் லாக்கரில் நகைப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது.

காலண்டருக்கு இந்தச் சாவி இல்லாமல் முடியாது. அடுத்த வருடத்துப் பண்டிகை, விரத நாள்களைப் புதிதாக அனுப்பியே ஆக வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பது கடைக்குக் கடை மாறும், அதுவும் பட்டைக் கோப்பில் ஓர் எழுத்து, அவ்வளவுதான். அச்சகக்காரர்கள் ஆடிப்பெருக்குக்கே அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை எடுத்துவிடுவார்கள். நானும் அந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொள்கிறேன். ஜனவரிக்கான பதிப்பை அக்டோபரிலேயே ஒப்பமிட்டு இரண்டு மூன்று கடைகளுக்கு மட்டும் விடுவேன். டிசம்பர் நெரிசல் வருவதற்குள் அந்தக் கோப்பு ஸ்மார்ட்ஸ்கிரீனுக்குப் பழகிவிடும். அதன் பிறகு எழுத்துப்பிழை ஒன்று கண்ணில் பட்டாலும், எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும் அந்த இன்ஸ்டாலரைத் தொட மாட்டேன். திருத்தம் அப்டேட்டாகப் போகும்.